எண்பத்தோராவது கல்வெட்டு

முதலில் விழுந்தது குப்பை. குப்பைக்கு நடுவில் ஒரு B.

கொழும்புத்துறையில் தாசண்ணையின் ரேடியோத் திருத்தக் கடை. மேசையில் என் கொம்பியூட்டர், பக்கத்தில் பிரிண்டர், திரைக்கு யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுப் போன ரீவி. இரண்டு மெசினுக்கும் நடுவில் நாங்களே செய்த கேபிள். கடைக்குள் உருகிய ஈயத்தின் புகை. வாசலால் வந்த காற்றில் கருவாட்டு மணம்.

பிரிண்டரின் தலை கிர்ரென்று ஓடி நின்றது. நான் அடித்தது A முதல் Z வரை. தாளில் கிடந்தது எந்தப் பாஷையிலும் சேராத கிறுக்கல். ஆனால் அதற்குள் ஒழுங்கான ஒரு B. கடைசியில் ஒரு Z.

“தாசண்ணை! B வந்திட்டுது!”

“இருவத்தாறிலை ரெண்டுக்கோ உந்தத் துள்ளல்?” தாசண்ணை சோல்டரிங் அயனைத் தாங்கியில் வைத்தார். “சோதினையிலை உந்த மாக்ஸ் எடுத்தா கொப்பர் தோலை உரிச்சுப்போடுவர்.”

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். காத்திருக்கத் தெரியாத ஆள் நான். அன்றைக்கு என் கையில் மிச்சம் இருந்தது பன்னிரண்டு நாள். எதற்குப் பன்னிரண்டு நாள் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சித்தப்பா அனுப்பாத பொருள்

கொம்பியூட்டரை லண்டன் சித்தப்பா ஒரு கலியாணத்துக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டார். ஒரு வருசம் கழித்து இன்னொருவர் கையில் பிரிண்டர் வந்தது, ஒரு பெட்டி தாளோடு. இரு கரையிலும் ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பான தாள். இரண்டையும் இணைக்கிற கேபிள் யார் கையிலும் வரவில்லை. கடிதம் எழுதிக் கேட்டேன். ‘அங்கை கடையிலை இருக்கும்’ என்று பதில் வந்தது. சித்தப்பா ஊரைவிட்டுப் போய்க் கனகாலம்.

அந்தக் கொம்பியூட்டருக்கு ஞாபகம் என்பதே கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எழுதிய புரோகிராமைக் கசெற்றில் பதிந்து வைத்து, பிறகு அதிலிருந்து ஏற்றவேண்டும். வெறும் கசெற் கிடைக்காத நேரத்தில் அம்மாவின் பக்திப்பாட்டுக் கசெற் ஒன்றின்மேல் பதிந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அதைப் போட்டா. “ஆரடா உதுக்குள்ளை கோழியை நசிக்கிறது?” என்று குசினியிலிருந்து கத்தினா.

பிரிண்டர் பூப்போட்ட துணி மூடி விறாந்தையில் கிடந்தது. வருகிறவர்கள் தையல் மெசின் என்று நினைத்தார்கள்.

மூன்று பேர்

நீர்வேலியில் எங்களுக்கு அடுத்த வளவு அம்பலவாணர் ஐயாவுடையது. வாழைத்தோட்டக்காரர். அவர் செத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும், மூத்த மகன் குலமண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி ரவி, உன்ரை மெசின் தமிழ் அடிக்குமோ?”

“அடிக்கும் அண்ணை.”

பச்சைப் பொய். அது அப்போது இங்கிலீசும் அடிக்காது.

விசயம் கல்வெட்டு. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்குத்தான் எங்கள் பக்கம் கல்வெட்டு என்று பெயர். உள்ளே தேவாரம், செத்தவர்மேல் பாடிய பாட்டு, கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். சனம் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறக்கும். யார் இருக்கிறார், யாருக்குப் பிறகு இருக்கிறார். பாட்டு எழுதியவரைத் தவிர வேறு யாரும் பாட்டைப் பார்த்ததாக எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாண ரவுணில் அச்சகங்களுக்குத் தாள் வரவில்லை. ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். இன்னொன்று பூட்டிக் கிடந்தது. கல்வெட்டு இல்லாமல் அந்தியேட்டி செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று குலமண்ணைக்கு நித்திரை இல்லை. அவர் கையெழுத்துப் பிரதியை நீட்டினார். நான் கடைசித் தாளைப் பார்த்தேன், எல்லோரையும் போல.

மக்கள்: குலசிங்கம், தவமணி, புவனேஸ்வரி.

“மூண்டு பேர்தானோ அண்ணை?”

“மூண்டு பேர்தான்.” அவர் முற்றத்தைப் பார்த்தார். “புவனாவுக்குப் பேசிக்கொண்டிருக்கு. மாப்பிள்ளை பகுதியும் முப்பத்தொண்டுக்கு வருவினம். விளங்குதெல்லே?”

விளங்கியது. நாலாவது பெயர் சிவமலர். தவமணியக்காவுக்கு அடுத்தவ. எனக்கு மலரக்கா. பத்து வயதில் வேலிப் பொட்டால் புகுந்துபோய் அவவிடம்தான் கணக்குப் படித்தேன். பிறகு ஒரு நாள் அவ கொழும்புத்துறைப் பெடியன் ஒருவனோடு போய்விட்டா. வேதக்காரப் பெடியன், அதிலும் கடற்கரைப் பக்கம். அன்றோடு அந்த வளவில் அந்தப் பெயர் நின்றது. தாய் பறுவதம் மாமி அந்த ஒரு பெயரைச் சொல்லாமல் பழகிப் பழகி, நாளடைவில் மற்றப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டா. யாரைக் கூப்பிடுவதென்றாலும் “இஞ்சை” என்பா.

செத்தவீட்டன்று மலரக்கா வந்தவ. ஒழுங்கை முகப்பில், கிளுவை வேலியோடு ஒட்டி நின்றவ. பிரேதம் போனது, பறைச்சத்தமும் போனது, அவவும் போய்விட்டா. உள்ளே இருந்த தாய்க்கு அவ வந்தது தெரியாது.

பதினொரு கம்பி

பிரிண்டரின் பின்பக்கத்துச் செருகியில் முப்பத்தாறு கால். அதோடு வந்த புத்தகத்தைப் படித்துப் பார்த்ததில் எனக்கு வேண்டியது பதினொன்றுதான். எழுத்தைக் கொண்டுபோக எட்டு, ‘இந்தா பிடி’ என்று சொல்ல ஒன்று, ‘பொறு, வேலையாய் இருக்கிறன்’ என்று பிரிண்டர் திருப்பிச் சொல்ல ஒன்று, நிலத்துக்கு, அதாவது எர்த்துக்கு, ஒன்று. ஆனால் அந்தச் செருகிக்குப் பொருந்துகிற முனை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் இல்லை.

“உப்பிடியான வேலைக்குக் கொழும்புத்துறைத் தாசன்தான்” என்றார்கள் எல்லோரும். யேசுதாசன். ஆம், மலரக்காவின் புருசன். அது தெரிந்துகொண்டுதான் போனேன். வேறு ஆள் இருந்திருக்கலாம், நான் தேடவில்லை.

தாசண்ணை ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

“என்னத்தை அடிக்கப் போறாய்?”

“கல்வெட்டு அண்ணை.”

“ஆரின்ரை?”

“அம்பலவாணர் ஐயாவின்ரை.”

அவர் தகரப்பேணி ஒன்றை எடுத்து அதற்குள் எதையோ தேடினார். நிறைய நேரம் தேடினார். பிறகு, “எப்ப வேணும்?” என்றார்.

செத்த ரேடியோ ஒன்றின் செப்புத் தகட்டை அரத்தால் ராவி ராவி, செருகிக்குள் இறுகப் போகிற அளவுக்கு ஆக்கினார். அதன் விளிம்பில் மயிர் மயிராகச் செப்புக்கோடு பிரித்தார். ரெலிபோன் வயரை உரித்துப் பதினொன்றையும் ஒட்டினார். நான் பிரிண்டரையும் கொம்பியூட்டரையும் சைக்கிளில், தலையணைகளுக்கு நடுவில் கட்டி, இரண்டு தரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். அவரை நீர்வேலிக்குக் கூப்பிட முடியாது. எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் அந்த வளவைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அந்த B விழுந்த நேரம்தான் மலரக்கா தேத்தண்ணியோடு பின்வாசலால் வந்தா.

“ரவியோ? உனக்கு மீசை முளைச்சிட்டுதடா!”

“முளைக்கேல்லை, கரி பூசியிருக்கிறான்” என்றார் தாசண்ணை.

மலரக்கா சிரித்தா. எதற்கு அடிக்கிறோம் என்று அவவுக்குத் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. “அம்மா சாப்பிடுறாவோ?” என்றுமட்டும் கேட்டா.

“சாப்பிடுறா அக்கா. ஆரோடையும் கதைக்கிறதில்லை.”

அவ தாளை எடுத்துப் பார்த்தா. கணக்குக் கொப்பி பார்க்கிற அதே பார்வை.

“ஏன் J நிக்கிற இடத்திலை R நிக்குது? R இன்ரை இடத்திலை J.”

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். கொம்பியூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒன்றும் பூச்சியமுமாய் எட்டு இலக்கம். J க்கு உரியதைப் பின்பக்கத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். அது R. B யை எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் B. Z உம் அப்படித்தான். எட்டுக் கம்பியும் வரிசை மாறி, கண்ணாடிக்குள் பார்த்தமாதிரி ஒட்டுப்பட்டிருந்தன. தாசண்ணை தகட்டைப் பின்பக்கம் திருப்பி வைத்து ஒட்டியிருக்கிறார்.

“பரவாயில்லை அண்ணை, நான் புரோகிராமிலையே திருப்பிவிடுறன்.”

“சும்மா இரடா. நான் பிழையா ஒட்டினதை நீ கணக்கிலை மறைக்கப் போறியோ?”

எட்டையும் கழற்றி எட்டையும் திரும்ப ஒட்டினார். அடுத்த தரம் A விழுந்தது. A, B, C, D. மூன்று பேரும் வாய்விட்டு வாசித்தோம், அரிவரிப் பிள்ளைகள் போல.

கட்டக் கொப்பி

இங்கிலீசு வந்துவிட்டது. மெசின் இரண்டையும் கேபிளோடு வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனேன். தமிழ்? பிரிண்டருக்குள் தமிழே கிடையாது. ஆனால் எந்த ஊசி எங்கே குத்தவேண்டும் என்று இலக்கம் கொடுத்தால் குத்தும். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, ஒவ்வொரு நிரலையும் கூட்டி இலக்கமாக்கினேன். எட்டுப் புள்ளி உயரத்துக்குள் ‘ஞ’ வை அடக்கிப் பாருங்கள், அப்போது தெரியும்.

முழு நெடுங்கணக்கையும் வரைய நாள் இல்லை. குலமண்ணையின் பிரதியில் வருகிற எழுத்துக்களை மட்டும் வரைந்தேன். ‘ழ’ வைப் பார்த்துவிட்டு அம்மா, “உது ஏன்ரா குனிஞ்சு சத்தி எடுக்கிறமாதிரி நிக்குது?” என்றா. மூன்று தரம் திருத்தினேன்.

இப்போது நீங்கள் இந்தக் கதை வருகிற பத்திரிகையைக் கோடு போட்ட கொப்பித்தாளில் வாசிக்கிறீர்கள். பொருளாதாரத் தடையால் வேறு தாள் இல்லை. எங்களுக்கு அது பழகிவிட்டது. கரண்டும் இல்லை. என் கொம்பியூட்டர் மறுபடி துணிக்குள் போய்விட்டது. அன்றைக்குக் கரண்ட் இருந்தது, போகும், வரும். போகிற ஒவ்வொரு தரமும் கசெற்றை முதலிலிருந்து ஓட்டவேண்டும். ஒரு பக்கம் அடிக்க நாலைந்து நிமிடம். றிபன் மங்க மங்க முத்திரை மையைத் தடவினேன். ஒரு கிழமை என் விரல்கள் நீலமாய் இருந்தன. பதினொரு நாளில் எண்பது கல்வெட்டு. மடித்துத் தைத்தது அம்மா.

எண்பது முடிய, தாளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அச்சகத்தில் ஒரு பக்கத்தைக் கோத்தால் எல்லாப் பிரதியும் அதேதான். இங்கே ஒரு வரியை மாற்றினால் அடுத்த பிரதி வேறு. இதைக் கண்டபோது எனக்கு வந்த குஷியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலரக்காவை நினைத்து அல்ல, முதலில் அந்த வித்தையை நினைத்துத்தான் குஷி. தவமணிக்கும் புவனேஸ்வரிக்கும் இடையில் சிவமலரைச் சேர்த்தேன். மருமக்களில் யேசுதாசனைச் சேர்த்தேன். புதிதாக வரைய ஒரு எழுத்தும் தேவைப்படவில்லை. அந்தப் பெயர்களுக்கு வேண்டிய எல்லாம் ஏற்கனவே அந்தக் குடும்பத்தின் பக்கங்களுக்குள் இருந்தன.

ஒரே ஒரு பிரதி. மலரக்காவுக்கு. யாருக்கும் தெரியாது, யாருக்கும் நட்டமில்லை.

முதல் பிரதி

முப்பத்தோராம் நாள் காலையில் ஆம்பிளையள் கீரிமலைக் கடற்கரைக்குப் போய்க் கிரியை முடித்து வந்துவிட்டார்கள். நான் கல்வெட்டுக் கட்டோடு அந்த வளவுக்குப் போனேன். எண்பத்தோராவதைக் கட்டின் மேலே வைத்திருந்தேன். அடியில் வைத்தால் மறந்துபோவேன். எனக்குக் கண்ணில் படுவதுதான் பத்திரம். வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது அதை எடுத்துச் சேட்டுக்குள் வைப்பதென்று எண்ணம்.

ஒரு கையால் சப்பாத்தை இழுக்கிறேன், தவமணியக்கா வந்து கட்டைத் தூக்கிவிட்டா.

“அக்கா, ஒரு நிமிசம்—”

“ஐயர் பாத்துக்கொண்டிருக்கிறார் தம்பி, நேரம் போட்டுது.”

நான் உள்ளே போகும்போது மேல்பிரதி ஐயாவின் படத்துக்கு முன்னால், படையலில், வெற்றிலைமேல் இருந்தது. முதல் பிரதி செத்தவருக்குத்தான். அதை எடுத்துத்தான் சபையில் வாசிப்பார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ அந்தியேட்டிச் சோறு தின்ற எனக்குத் தெரியாது. ஏனென்றால் கல்வெட்டு வாசிக்கிற நேரமெல்லாம் நான் பந்தியில் இடம் பிடிக்கப் போயிருப்பேன்.

வாசிக்க வந்தவர் நல்லதம்பியர். கோயிலில் புராணம் படிக்கிறவர். அவருக்கு எதையும் இராகம் இல்லாமல் வாசிக்க வராது. தேவாரம் பாடினார், பாட்டுப் பாடினார். நான் தூணோடு நின்று, கரண்ட் போகட்டும், மழை வரட்டும், யாருக்காவது மயக்கம் வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

“மக்கள்... குலசிங்கம்... தவமணி... சிவமலர்...”

நல்ல நீட்டி, ஆனந்தமாகப் பாடினார். ‘புவனேஸ்வரி’க்குப் போனபிறகுதான் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

பந்தலில் ஒரு சத்தம் எழுந்தது. தாள் புரட்டுகிற சத்தம். எண்பது கல்வெட்டும் ஒன்றாகக் கடைசிப் பக்கத்துக்குப் போகின்றன. முன்வரிசைக் கிழவர் ஒருவர் தன்னுடையதைத் தூக்கிப் பிடித்தார்.

“எனக்குப் பிழையான கொப்பி தந்திட்டியள். சரியானது ஒண்டு தாங்கோ.”

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பகுதிக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குலமண்ணை என்னைப் பார்த்தார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து பறுவதம் மாமியின் குரல் வந்தது. ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத குரல்.

“நல்லதம்பி அண்ணை, இன்னொருக்கா வாசியுங்கோ.”

நல்லதம்பியர் குலமண்ணையைப் பார்த்தார். குலமண்ணை நிலத்தைப் பார்த்தார். நல்லதம்பியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘மக்கள்’ என்பதிலிருந்து திரும்பத் தொடங்கினார். நாலு பெயரையும் பாடினார். இந்தமுறை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

பந்தி முடிந்து குலமண்ணை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்தேன்.

“எத்தினை அப்பிடி அடிச்சனி?”

“ஒண்டுதான் அண்ணை.”

“பொய் சொல்லாதை.”

“சத்தியமா ஒண்டுதான்.”

அவர் படையலிலிருந்து எடுத்த கல்வெட்டை மடியிலிருந்து உருவி நீட்டினார். சந்தனம் பட்டிருந்தது.

“கொண்டுபோய் அவளிட்டைக் குடு. இஞ்சை வைச்சிராதை.”

அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் சொன்னது அவ்வளவுதான்.

புவனாவின் அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. என் ஒரு தாளால் போனதா, மாப்பிள்ளை கனடாவுக்குப் போனதால் போனதா? புவனாவிடம் ஒருமுறை கேட்டேன். “உனக்கு ஏன் இப்ப அது?” என்றா. இரண்டு வருசம் என்னோடு அவ கதைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தவன் நான்.

அடுத்த நாள் கொழும்புத்துறையில்

மலரக்கா கடைசிப் பக்கத்தை நின்றபடியே வாசித்துவிட்டு மூடினா. பிறகு திறந்து, தாசண்ணையிடம் கொடுத்தா. நான் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். மற்ற எண்பதிலும் அந்தப் பெயர் இல்லை என்பதையும் சொன்னேன்.

“தெரியும்” என்றா. “அண்ணை விட்டிருக்க மாட்டார்.”

கல்வெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அம்மாவின்ரை முகம் எப்பிடி இருந்தது?” என்று கேட்டா.

“நான் பாக்கேல்லை அக்கா. மாமி உள்ளுக்கை இருந்தவ. நான் குலமண்ணையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“சரி. அம்மா சொன்னமாதிரிச் சொல்லு.”

“இன்னொருக்கா வாசியுங்கோ.”

“அது நீ சொல்லுறது. அம்மா எப்பிடிச் சொன்னவ?”

இன்னும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“ரேடியோவிலை செய்தி வாசிக்கிறமாதிரிக் கிடக்கு” என்றார் தாசண்ணை.

மலரக்கா அவரைக் கவனிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி நின்று, தானே சொன்னா. முதல் சொல்லில் குரல் கொஞ்சம் ஏறியது. இரண்டாவதில் மூச்சோடு இறங்கி, கடைசியில் கேட்டும் கேளாமலும் போனது.

முதல்நாள் உள்ளறையிலிருந்து வந்தது அந்தக் குரல்தான்.

“இப்பிடியோ?” என்றா, திரும்பாமல்.

“ஓம் அக்கா” என்றேன். “இப்பிடித்தான்.”